வரதராஜா அவர்களின் இடது காலில் இருப்பது சப்பாத்து அல்ல

அனுப்புநர்:
சி. இளங்கீரன்,
காலணிப் பகுதித் தொண்டர் (சென்ற ஞாயிறு வரை),
திரு. வரதராஜா வீட்டின் பின்வீடு,
மெரிலேண்ட்ஸ், சிட்னி.

பெறுநர்:
திரு. ம. குகனேசன் அவர்கள்,
தலைவர், பரிபாலன சபை,
ஸ்ரீ வெற்றிவேலன் ஆலயம்,
மேற்கு சிட்னி.

விடயம்: நீரிழிவுப் புண்ணுக்காக மருத்துவமனை மாட்டிவிட்ட பூட்ஸுடன் ஒரு பக்தரைக் கோயிலுக்குள் விட மறுப்பது பற்றியும், அதைத் தட்டிக் கேட்ட தொண்டரை நீக்கியது பற்றியும், தலைவர் அவர்களின் சொந்தக் கால் பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சபைக்கு முறைப்பாடு எழுதுபவர்கள் முதலில் சபையின் தொண்டுகளைப் பாராட்டிவிட்டுத்தான் விடயத்துக்கு வருவார்கள். புண் உள்ள கால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்பதால் நேரே வருகிறேன்.

1. நான் வரதராஜா அங்கிள், நாகேஸ்வரி அன்ரி வீட்டின் பின்வீட்டில் வாடகைக்கு இருப்பவன். வேலை, சாப்பாட்டுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. வெள்ளியும் ஞாயிறும் தங்கள் ஆலயத்தின் காலணிப் பகுதியில் தொண்டு. என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அங்கிள்தான். "சும்மா படுத்துக் கிடக்காமல் வா தம்பி, நாலு சனத்தைப் பழகலாம்" என்றார். சனம் என்னோடு பழகவில்லை. சப்பாத்துகள் பழகின. யாருடைய குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் புதுச் சப்பாத்தை வைத்துவிட்டுச் சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே கும்பிடுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தங்களுடையது குஞ்சம் வைத்த மண்ணிறச் சப்பாத்து, ஒன்பதாம் அளவு, எப்போதும் மேல்தட்டின் வலது மூலை. இந்த அளவைத் தயவுசெய்து நினைவில் வைத்திருக்கவும். கடைசியில் தேவைப்படும்.

2. இந்த ஆண்டுத் தைப்பூசத்தன்று வெயில் நாற்பது பாகையைத் தாண்டியது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்கள் குடையின் கீழ் நின்றிருந்ததால் நினைவில்லாமலும் இருக்கலாம். சுவாமி வெளிவீதி சுற்றுவது கார் நிறுத்தும் இடத்தின் தார் மேலே. சுவாமியைத் தோளில் காவியவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு துள்ளினார்கள். முன்கொம்பு பிடித்தவர் ஒரு கட்டத்தில் ஓடவே தொடங்கினார். வரதராஜா அங்கிள் மட்டும் பூங்காவில் உலாவுபவர் போல நடந்தார். அப்போது சபைச் செயலாளர் சிறி அவர்கள் ஒலிபெருக்கியில் சொன்னதை அந்தத் தெருவே கேட்டது: "வரதராஜா அண்ணையைப் பாருங்கோ. காலைத் தூக்கவே இல்லை. இதுதான் பக்தி." பிறகு மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

ஐயா, அங்கிளுக்கு நெடுநாளாக நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி இல்லை. தார் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு மனிதரின் நரம்பு செத்துப்போனதற்கு ஒரு சபையே கூடிப் பொன்னாடை போர்த்திய நிகழ்ச்சி வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

3. சில நாள் கழித்துக் குசினித் தரையில் சிவப்புக் கறைகள் தென்பட்டன. நாகேஸ்வரி அன்ரி பீட்ரூட் கறி என்று முடிவு செய்தார். அந்த வீட்டில் கறி கொட்டக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பதும் அவருடைய முடிவு. நான் தரையைத் துடைத்தேன். மறுநாளும் கறை. மறுபடி துடைத்தேன். மூன்றாம் முறை அன்ரி கறையின் பின்னாலேயே நடந்து போனார். அது வரவேற்பறையில், கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அங்கிளின் இடது பாதத்தில் போய் முடிந்தது. பெருவிரலுக்குக் கீழே, பாதம் தடித்திருக்கும் இடத்தில், ஒரு கோலிக்குண்டு உட்காரக்கூடிய குழி. அன்ரி கத்தினார். அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கு ஒண்டும் நோகேல்லையே, பிறகேன் கத்துறீர்?" என்றார். நோகாததுதான் நோயே என்பது அப்போது எங்கள் மூவருக்கும் தெரியாது. பீட்ரூட் விடயத்தில் என்னிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது வேறு முறைப்பாடு.

4. மருத்துவமனையின் பாதப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் மோனிகா. கோயம்புத்தூர்க்காரர், பாத மருத்துவர். நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "கண்ண மூடிக்குங்க அங்கிள். தொட்டது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க" என்றார். அங்கிள் ஒழுங்கான இடைவெளியில் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மோனிகா நூலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் ஓம் வந்துகொண்டிருந்தது.

பிறகு சிறு கத்தியால் புண்ணைச் சுற்றியிருந்த செத்த தோலைச் சீவினார். எனக்குத் தலை சுற்றியது. அங்கிளோ அதை யாரோ மாங்காய் சீவுவது போலப் பார்த்துக்கொண்டு, உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா பிள்ளை என்று மோனிகாவை விசாரித்தார். விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மோனிகா சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் சபையில் இதை யாரும் கேட்கவில்லை: "மருந்து, கட்டு எல்லாம் பாதிதான் அங்கிள். மீதிப் பாதி, அந்த எடத்துல பாரம் விழவே கூடாது. நீங்க ஒவ்வொரு தடவ கால ஊன்றப்பவும் உங்க புண்ணு மேல நீங்களே ஏறி மிதிக்கிறீங்க. எலும்பு வரைக்கும் போச்சுன்னா வெரல எடுக்கணும். அதோட நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு முழங்கால் வரை வரும் சாம்பல்நிறப் பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார். பாரத்தைப் புண்ணிலிருந்து காலின் மேற்பகுதிக்கு மாற்றுவது அதன் வேலை. தூங்கும்போது தவிர, எழுந்து நடக்கும் ஒவ்வொரு முறையும் அது காலில் இருக்கவேண்டும் என்றார். அங்கிள் ஓம் என்றார்.

5. வாரங்கள் போயின. புண் ஆறவில்லை. ஒவ்வொரு முறையும் மோனிகா "பூட்ஸ் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்பார். "எப்பவும்" என்பார் அங்கிள். அவர் பொய் சொல்லவில்லை. ஒருநாள் மோனிகா பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குள்ளயும் போட்டுக்கிறீங்கதானே?" என்றார்.

அங்கிளின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். சாமியறையில் மீன் பொரிப்பீர்களா என்று கேட்டது போலிருந்தது. "வீட்டுக்குள்ளயோ? சப்பாத்தோடயோ?" என்றார். ஐயா, இந்த மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுவதும் நடப்பது வீட்டுக்குள்தான். பூட்ஸ் முன்வாசலில் காவல்காரன் மாதிரி நிற்க, இவர் வெறுங்காலோடு குசினிக்கும் கதிரைக்கும் நடந்து புண்ணை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். தபால் எடுக்கப் போகும்போது மட்டும் முழுப் பாதுகாப்பு.

வேறு யாராக இருந்தாலும் அவரைச் சொல்வழி கேளாதவர் என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். மோனிகா சிரித்துவிட்டு, "எங்கம்மாவும் இதேதான் பண்ணுவாங்க" என்றார். பிறகு அன்ரியிடம் திரும்பினார்: "அன்ரி, இத செருப்புன்னு நெனைக்காதீங்க. கட்டுன்னு நெனச்சுக்குங்க. பேண்டேஜ வாசல்ல கழட்டி வெப்பீங்களா?"

அன்ரி வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். முன்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே வரவேண்டும் என்றார். அது இடது கால் பூட்ஸ் என்று நான் சொன்னதற்கு "நீ சும்மா இரு" என்றார். எல்லாம் முடிந்து பூட்ஸ் குசினிக்குள் வந்து சேர்ந்தபோது உலையில் வைத்த அரிசி இன்னும் வேகவில்லை. தங்கள் சபை இதே விடயத்தை வாரக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

6. அதன் பிறகு புண் சுருங்கத் தொடங்கியது. கோலிக்குண்டு கடலை ஆனது. இந்த நிலையில்தான் கோயில் குறுக்கிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் தொடங்கி வைப்பவர் வரதராஜா அங்கிள். அவர் அளவுக்குச் சுதி விலகிப் பாடுபவர் இந்த மாநகரில் கிடையாது என்றாலும், வாரத்தில் அவர் உடுத்திக்கொண்டு வெளியே போவது அதற்கு மட்டும்தான். மே மாதம் ஒரு வெள்ளி, சந்தனப் பொட்டு வைத்த பூட்ஸுடன் வந்தார். நான் காலணிப் பகுதியில் நின்றேன். சிறி அவர்கள் வந்து, "அண்ணை, உதைக் கழட்டிப் போட்டு வாங்கோ" என்றார். நான் நிலைமையை விளக்கினேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி" என்றார்.

ஒன்றா ஐயா? சென்ற தேர்தலின்போது வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவருக்குச் சப்பாத்து நாடாவில் முடிச்சு விழுந்து கழற்ற வரவில்லை. சிறி அவர்கள் ஓடிப்போய் நீலநிற பிளாஸ்டிக் உறை இரண்டு எடுத்து வந்து, குனிந்து, தம் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டார். அந்தச் சப்பாத்து மூலஸ்தானத்துக்கு முன் நின்று மாலை வாங்கியது. மீதி உறைகள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றை அங்கிளுக்கு நீட்டினேன். "உது விருந்தினருக்கு" என்றார் சிறி.

அந்தப் பூட்ஸை வாங்கி வைக்க நான் மறுத்தேன். சபையின் கட்டளையை மறுத்த குற்றம் இதுதான். ஒப்புக்கொள்கிறேன், திரும்பவும் மறுப்பேன். ஆனால் அங்கிள், "விடு தம்பி, சண்டை வேண்டாம், தேவாரத்துக்கு நேரமாச்சு" என்று தானே கழற்றினார். சிறி அதை எடுத்துத் தட்டில் வைத்தார். அங்கிள் வெறுங்காலோடு உள்ளே போய், வீதியும் சுற்றி, திரும்பி வந்தபோது பூட்ஸைக் காணவில்லை.

7. ஒற்றை இடது கால் பூட்ஸை யார் திருடுவார்கள் என்று தேடினோம். ஞாயிறு மாலை விடை கிடைத்தது. ஆலய மண்டபத்தில், சைவப் பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் நடித்த சூரசங்காரம். சூரனாக வந்தவர் திரு. பிரதீப்குமார், தொழிலில் கணக்காளர், சாதுவான மனிதர். அரக்கனுக்குப் பொருத்தமாக ஏதாவது தேடியவர் காலணித் தட்டில் இதைப் பார்த்து, யாரோ விட்டுப்போனது என்று எடுத்திருக்கிறார். மேடையில் அவர் இடது காலைத் தூக்கி வைத்து உறுமியபோது நாகேஸ்வரி அன்ரி முன்வரிசையில் எழுந்து நின்று, "உது எங்கட பூட்ஸ். பாருங்கோ, நான் வைச்ச சந்தனப் பொட்டு" என்றார்.

சூரன் செத்த பிறகுதான் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். திரு. பிரதீப்குமார் சாவதற்கு அவசரப்படவில்லை.

இந்த இரண்டு நாளில் புண் மறுபடி திறந்துகொண்டது. கடலை, கோலிக்குண்டைவிடப் பெரிதானது. மோனிகா அன்று சிரிக்கவில்லை. எலும்பைப் பார்க்கப் படம் எடுக்க அனுப்பினார். எலும்பு இன்னும் தப்பியிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அரக்கனுக்கு அந்தப் பூட்ஸுடன் மண்டபத்துக்குள் அனுமதி உண்டு, நோயாளிக்கு இல்லை என்பதே அன்றைய நிலைமை. நான் எழுதிக் கேட்டதற்கு, மண்டபம் வேறு, கோயில் வேறு என்று சபை பதில் அனுப்பியது. புண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

8. சென்ற ஞாயிறு இதற்கென்று தாங்கள் கூட்டிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்தமைக்கு நன்றி. அங்கே நடந்ததை நான் திரித்துச் சொல்வதாகப் பிறகு யாரும் கூறக்கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். அடியில் ரப்பர் இருந்தால் அது சப்பாத்து என்றார் பொறியியலாளர் ஸ்ரீகாந்த். ஊன்றுகோலுக்கும் அடியில் ரப்பர்தானே என்றார் ஒருவர். தோல் இல்லாதவரை தீட்டு இல்லை என்றார் இன்னொருவர். அப்படியானால் மிருதங்கம் என்று நான் தொடங்கினேன், உட்காரச் சொன்னார்கள். கொடிமரம் வரை விடலாம் என்று ஒரு சமரசம் வந்தது. அங்கிள் அங்கேயிருந்து தேவாரம் பாடினால் சுவாமிக்குக் கேட்குமா என்று விவாதித்தார்கள். அங்கே நின்றால் வீதி எதிரே உள்ளவர்களுக்கும் கேட்கும் என்பதுதான் பிரச்சினை என்று அன்ரியே சொன்னார்.

அப்போது தாங்கள் எழுந்தீர்கள். "முப்பது வருசமா நான் வெறுங்காலோட வீதி சுத்துறன். எனக்கும் வயசாச்சு. பாருங்கோ, ஒரு கீறல் இருக்கோ?" என்று சொல்லி, வலது காலைத் தூக்கிக் கதிரையின் மேல் வைத்து, உள்ளங்காலைச் சபைக்குக் காட்டினீர்கள்.

குதிக்குப் பக்கத்தில், நீலத் தலையுடன், ஒரு டிராயிங் பின் ஏறியிருந்தது.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சிறி மட்டும், "அண்ணை, அதில நீலமா ஒண்டு..." என்றார். தாங்கள் "எங்க?" என்று கேட்டு மற்றக் காலைப் பார்த்தீர்கள். பிறகு அதைப் பிடுங்கி மேசையில் வைத்தீர்கள். "எப்ப ஏறினதெண்டே தெரியேல்லை" என்று சிரித்தீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அதுதான் முருகன்ர அருள்" என்றார்.

அந்தப் பின் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். காலணிகளுடன் உட்செல்லாதீர் என்ற அறிவித்தல் அன்று காலை ஒரு மூலை கழன்று தொங்கியது. அதைப் பற்றி நான் சிறியிடம் சொல்லியும் இருந்தேன்.

நான் எழுந்து தங்களைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்குச் சுகர் இருக்கோ?" என்று கேட்டேன். சபையில் தலைவரை அவமதித்ததாகக் கூறி அந்த இடத்திலேயே என்னைத் தொண்டிலிருந்து நீக்கினீர்கள். அடுத்து, திருவிழாவுக்கு ஐஸ்கிரீம் வண்டி ஒன்றா இரண்டா என்ற விடயம் எடுக்கப்பட்டது. இரண்டு என்று ஏகமனதாக முடிவாயிற்று.

9. ஆகவே சபையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மருத்துவர் மாட்டிவிட்ட பூட்ஸ், கட்டு, ஊன்றுகோல் எதுவும் காலணி ஆகாது என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டுங்கள் என்றால் பசையால், டிராயிங் பின்னால் அல்ல. அடுத்த தைப்பூசத்துக்குத் தார் மேல் ஈரச் சாக்கோ பாயோ விரியுங்கள், அல்லது சுவாமியை வெயிலுக்கு முன் எழுப்புங்கள். முருகன் கோபிக்க மாட்டார், கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன். சூடு தெரியாமல் நடப்பவருக்கு இனிப் பொன்னாடை போர்த்தாதீர்கள், காரில் ஏற்றுங்கள். என்னைத் திரும்பச் சேர்ப்பது தங்கள் விருப்பம். சேர்க்காவிட்டாலும் வரும் வெள்ளி நான் காலணிப் பகுதியில் நிற்பேன். அங்கிள் பூட்ஸுடன் வருவார். எல்லோருடைய சப்பாத்தையும் வாங்கி வைப்பேன், அதைத் தவிர.

10. கடைசி விடயம் சபைக்கு அல்ல, தங்களுக்கு. நாளை வியாழன், அங்கிளுக்கு மோனிகாவிடம் முறை. காலை ஒன்பதுக்கு என் கார் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும். உள்ளே பிரியாணி மணக்கும், பொறுத்துக்கொள்ளவும். நேற்று மோனிகாவுக்குத் தொலைபேசியில் டிராயிங் பின் கதையைச் சொன்னேன். "அவரையும் கூட்டிட்டு வாங்க, இடையில பாத்துடறேன்" என்றார். முன்னிருக்கையைத் தங்களுக்கு விடச் சொன்னவர் வரதராஜா அங்கிள். "குகன் தனியப் போகமாட்டான். பயந்தவன். நான் பக்கத்தில இருக்கிறன் எண்டு சொல்லு" என்றார். தாங்கள் அவரைக் கொடிமரத்தோடு நிறுத்தப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அந்த அளவு நல்ல மனம் கிடையாது, சொன்னதைக் கடத்துகிறேன்.

மோனிகா தங்களைக் கண்ணை மூடச் சொல்லி, நூலால் பாதத்தைத் தொடுவார். தெரிந்தால் ஓம் என்று சொல்லவும். தெரியாவிட்டால் தயவுசெய்து ஒன்றும் சொல்லாமல் இருக்கவும். அங்கே வெட்கப்பட யாரும் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூட்ஸ் ஒன்பதாம் அளவிலும் வருகிறது. விசாரித்துவிட்டேன். தங்களுக்கு அது தேவைப்படக்கூடாது என்பதே என் விருப்பம். தேவைப்பட்டால், அந்த வெள்ளி தாங்கள் நிற்கப்போவது கொடிமரத்தடியிலா, மூலஸ்தானத்துக்கு முன்னாலா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இன்று தங்கள் கையில்தான் இருக்கிறது. விரைந்து பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மெரிலேண்ட்ஸ்
திகதி: 17.06.2026

இவ்வண்ணம்,
கேட்டதைத் திரும்பவும் கேட்கத் தயாராக உள்ள,
சி. இளங்கீரன்
(ஒப்பம்)

இணைப்பு: நீலத் தலை டிராயிங் பின் ஒன்று. ஆலயத்தின் சொத்து. கூட்ட மேசையிலிருந்து எடுத்து, கழுவி, பஞ்சில் சுற்றி அனுப்பியுள்ளேன். கவனமாகப் பிரிக்கவும், குத்தினால் தங்களுக்குத் தெரியாது.